புது ரேடியோ வருகிறது... பழைய பெட்டியை என்ன செய்வது?

 

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்துக் கொண்டு வந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பரணில் ஏறி, பழைய நோட்டுகள், செய்தித்தாள்கள், ஓட்டை வாளி என்று எல்லாவற்றையும் வாசலில் கொண்டு வந்து குவித்தாள். அந்தக் குவியலின் உச்சியில் என்ன இருந்தது தெரியுமா? என்னுடைய டிரான்சிஸ்டர் ரேடியோ!

பதறிப் போய்ப் பாய்ந்து எடுத்தேன்.

"ஏண்டி, இதை எதுக்குடி எடைக்குப் போடுற?"

"அம்மாச்சி, இனிமே எல்லாம் டிஜிட்டல் ரேடியோதானாம். என் ஃபிரண்டோட அண்ணன் சொன்னாங்க. இது ஒண்ணுக்கும் உதவாதாம்!"

எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். ஒரு பிள்ளை ஒன்றைச் சொன்னால், அது சரியா தவறா என்று உட்கார்ந்து பார்க்காமல் விடுவது நமக்குப் பழக்கமில்லை. பேப்பர்காரரை அனுப்பி விட்டு, திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

டிஜிட்டல் ரேடியோ என்றால் என்ன? முதலில் ஒரு விளையாட்டு.

வகுப்பில் இருபது பிள்ளைகளை வரிசையாக உட்கார வையுங்கள். முதல் பிள்ளையிடம் ஒரு தாமரைக் கோலத்தைக் காட்டுங்கள். அவள் அதைப் பார்த்துத் தன் சிலேட்டில் வரைந்து அடுத்தவளுக்குக் காட்ட வேண்டும். அடுத்தவள் அதைப் பார்த்து வரைந்து அதற்கு அடுத்தவனுக்கு... இப்படியே போனால் இருபதாவது சிலேட்டில் என்ன இருக்கும்? நான் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். தாமரை, தவளை ஆகியிருக்கும்! ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு நெளிந்து விடும்.

இதுதான் நம் பழைய ரேடியோ. அறிவிப்பாளரின் குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ, அதே போல் வானலையும் மாறும். மத்திய அலையில் அலையின் உயரம் கூடிக் குறையும்; பண்பலையில் அலை அதிரும் வேகம் கூடிக் குறையும். வழியில் இடி, மின்னல், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அந்தக் கோட்டை நெளித்து விடும். அதுதான் 'கொர்ர்ர்' சத்தம். இப்போது வீட்டுக்கு வீடு எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறோமே, சில பல்புகள் மத்திய அலையில் போடுகிற சத்தம் இருக்கிறதே... கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் ரேடியோ நன்றாகக் கேட்கிறது!

இப்போது விளையாட்டை மாற்றுவோம். கோலத்தை வரையாதீர்கள். "ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. முதல் புள்ளியிலிருந்து எட்டாவது புள்ளிக்குக் கோடு..." என்று எண்களாகத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொருவரும் எண்களை மட்டும் பார்த்து எழுதினால் போதும். கையெழுத்துக் கோணலாக இருந்தாலும் ஐந்து ஐந்துதான், எட்டு எட்டுதான். இருபதாவது பிள்ளை அந்த எண்களைப் பார்த்துக் கோலம் போட்டால், அசல் தாமரை அப்படியே மலரும்.

இதுதான் டிஜிட்டல். குரலை 0, 1 என்ற எண்களாக மாற்றி வானலையில் அனுப்புகிறார்கள். ரேடியோவுக்குள் இருக்கிற குட்டிக் கணினி அதை மறுபடியும் குரலாக்குகிறது. வழியில் சேர்ந்த குப்பை குரலில் ஒட்டாது.

இன்னொரு இலாபமும் உண்டு. அந்தக் காலத்தில் அலுவலகங்களில் சுருக்கெழுத்து என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பேசியதை நாலு வரிக் கிறுக்கலில் எழுதி விடுவார்கள். அது போல, நம் காது கவனிக்காத ஒலிகளைக் கழித்து, குரலைச் சுருக்கி அனுப்புவதால், ஒரு நிகழ்ச்சி போகிற இடத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அனுப்பலாம். பாட்டின் பெயர், செய்தித் தலைப்பு போன்றவற்றை எழுத்தாகவும் அனுப்பலாம். ஒலிபரப்பும் நிலையத்துக்கு மின்சாரச் செலவும் குறையும்.

"அப்போ நல்லதுதானே அம்மாச்சி?" என்றாள் பேத்தி.

நல்லதுதான். நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். 2019 இல் சென்னைக்குப் போயிருந்தபோது, என் அக்காள் மகன் புதுக் காரில் அழைத்துப் போனான். அந்தக் காரின் ரேடியோவில் 'டி.ஆர்.எம்.' என்று ஒரு பொத்தான். "இது என்னடா?" என்றேன். "தெரியலை சித்தி, வாங்கின நாளிலிருந்து அமுக்கினதே இல்லை" என்றான். அமுக்கினோம். சற்று நேரம் யோசித்தது. பிறகு வந்தது பாருங்கள் குரல்! மத்திய அலை என்று நம்பவே முடியவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்து ஒருவர் பேசுவது போல இருந்தது. திரையில் நிலையத்தின் பெயர் வேறு எழுத்தில் வந்தது. இரண்டு பேரும் சிறு பிள்ளைகள் போலச் சிரித்தோம்.

கொஞ்ச தூரம் போய் ஒரு சுரங்கப் பாதைக்குள் கார் இறங்கியது. சட்டென்று நிசப்தம்! இரைச்சல் இல்லை, தேய்கிற குரல் இல்லை, ஒன்றுமே இல்லை. மேலே ஏறி வந்த பிறகும் சில விநாடி கழித்துத்தான் பேசத் தொடங்கியது.

இதையும் நம் கோல விளையாட்டிலேயே பார்க்கலாம். எண்கள் எழுதிய சீட்டு பாதியில் கிழிந்து போனால் என்ன ஆகும்? முதல் விளையாட்டில் தவளை மாதிரியாவது ஒன்று கையில் கிடைத்தது. இரண்டாவதில் கோலமே கிடையாது! எண்களைத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பி, கொஞ்சம் கிழிந்தாலும் சமாளிக்க வழி செய்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கிழிந்தால் டிஜிட்டல் ரேடியோ வாயை மூடிக் கொள்ளும். பழைய ரேடியோவோ கரகரவென்று இருமிக் கொண்டாவது விஷயத்தைச் சொல்லி விடும்.

இது பெரிய குறையா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். அதனால் எனக்கு அது பெரியதாகத்தான் தெரிகிறது.

2018 நவம்பர் 15 இரவு. கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, 16 ஆம் தேதி அதிகாலையில் அது கரையைக் கடந்தது. விடிந்து கதவைத் திறந்தால் தெருவே இல்லை. தென்னை மரங்கள் கூரைகளின் மேல் படுத்துக் கிடந்தன. மின் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. கைப்பேசியில் டவர் இல்லை. மதியத்துக்குள் பாதிப் பேரின் கைப்பேசிகளில் சார்ஜும் இல்லை. தொலைக்காட்சி பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவுக்கு மறுபடி மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

அன்றைக்கு எங்கள் தெருவில் வெளி உலகத்தோடு பேசிக் கொண்டிருந்தது ஒரே ஒரு பொருள்தான். இரண்டு பேட்டரி கட்டை போட்ட இந்த டிரான்சிஸ்டர். திண்ணையில் வைத்தேன். முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். திருச்சி வானொலி ஒரே கரகரப்பு. பெட்டியை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கடைசியில் அரிசிப் பானை மேல் வைத்தபோது மாநிலச் செய்தி கேட்டது. புயல் மேற்கே நகர்ந்து வலுவிழந்து விட்டது என்று கேட்ட பிறகுதான், இனிமேல் காற்று திரும்பி வராது என்று நம்பி, வயதானவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தார்கள்.

அந்தக் கரகரப்பு இருக்கிறதே குழந்தைகளே, அதிலும் பத்தில் ஏழு வார்த்தை புரிந்தது. ஏழு வார்த்தை போதுமே!

சரி, டிஜிட்டலுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். ஆபத்துக் காலத்துக்கென்றே அதில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஓடிக் கொண்டிருக்கும் பெட்டி நீங்கள் எந்த நிலையத்தில் இருந்தாலும் தானாகவே எச்சரிக்கை ஒலிபரப்புக்குத் தாவும். எச்சரிக்கையைப் பல மொழிகளில் எழுத்தாகவும் காட்டும். காது கேளாதவர்களும் படித்துக் கொள்ளலாம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடனே ஒக்கி புயல்தான் நினைவுக்கு வந்தது. 2017 நவம்பர் கடைசியில், கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலுக்குள் போயிருந்தார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை.

கடலில் கைப்பேசி ஏன் உதவாது? கரையிலிருந்து சில மைல் தாண்டினால் டவர் கிடைக்காது. பண்பலையும் ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும். அதிக தூரம் தாங்காது. ஆனால் மத்திய அலைக்கு ஓர் அதிசயக் குணம் உண்டு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் இல்லையா? அதனால் மத்திய அலை நிலத்தின் மேல் போவதை விடக் கடலின் மேல் வெகு தூரம் போகும். டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறை, நம்மிடம் இருக்கிற இதே மத்திய அலையில், சிற்றலையில், பண்பலையில் எல்லாம் வேலை செய்யும். ஐரோப்பாவில் இருக்கிற 'டாப்' முறைக்குத் தனி அலைவரிசை வேண்டும். கடலுக்குள் அவ்வளவு தூரம் போகாது. அதனால் நம் கடற்கரைக்கு டி.ஆர்.எம்.தான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் ஒரு மீன்பிடி அண்ணன் இருக்கிறார். என்னிடம் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரிடம் இதையெல்லாம் ஆசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு விட்டு, "நல்ல விஷயம்தான் டீச்சர். பொட்டி என்ன விலை?" என்றார்.

பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்றேன்.

"பேட்டரி எத்தனை நாள் நிக்கும்?"

அது கணினி மாதிரி கணக்குப் போட்டுக் கொண்டே இருக்க வேண்டியது. சாதாரண டிரான்சிஸ்டரை விட அதிகமாகத்தான் பேட்டரி குடிக்கும் என்றேன்.

"உப்புத் தண்ணி தெறிச்சா தாங்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்துக் கொண்டே போய் விட்டார். பெரிய பெரிய கூட்டங்களில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை அவர் என் வாசலிலேயே கேட்டு விட்டார் என்று தோன்றியது.

நம் நாட்டில் நடந்தது என்ன தெரியுமா? அகில இந்திய வானொலி 2009 இல் தில்லியிலிருந்து சிற்றலையில் டி.ஆர்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் மத்திய அலையில் முப்பதுக்கும் மேற்பட்ட டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. அவற்றில் சென்னையும் உண்டு. பேசுவதற்கு வாய் தயார். கேட்பதற்குக் காது? கடைத்தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். "டிஜிட்டல் ரேடியோவா? புளூடூத் இருக்கு, பென் டிரைவ் இருக்கு, அது தரட்டுமா?" என்பார்கள். நான் மூன்று ஊர்களில் கேட்டுப் பார்த்து விட்டுத்தான் சொல்கிறேன். புதுக் கார்கள் சிலவற்றில் மட்டும் அந்த வசதி வந்தது. கார் வைத்திருப்பவரிடம் ஏற்கெனவே கைப்பேசி, பாட்டு, படம் எல்லாம் இருக்கிறது. ரேடியோ இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் முழுகிப் போகாது. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வரப்பில் ரேடியோவை வைத்து விட்டு வேலை செய்கிறார்களே, அவர்களுக்குத்தான் அது வேண்டும். அவர்கள் கையில் பெட்டி இல்லை.

கூரை போட்டாயிற்று, சுவர் எழுப்ப மறந்தாயிற்று என்று இதைச் சொல்லலாமா?

பெட்டி விஷயத்தில் மற்ற இடங்களில் நடந்ததையும் கொஞ்சம் பார்த்து விடுவோம்.

உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். வேர்ல்டுஸ்பேஸ் என்று ஒரு செயற்கைக்கோள் வானொலி இருந்தது. தமிழுக்கும் தனி அலைவரிசை வைத்திருந்தார்கள். அதற்கென்று தனிப் பெட்டி, ஆண்டுச் சந்தா. இலட்சக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். ஒலி அருமையாக இருக்கும். நிறுவனம் நொடித்துப் போனது. 2009 டிசம்பர் 31 உடன் இந்தியாவில் சேவை நின்றது. அந்தப் பெட்டிகளால் வேறு எந்த வானொலியின் செயற்கைக்கோள் ஒலிபரப்பையும் கேட்க முடியாது. மறுநாளிலிருந்து அவை அலமாரி பொம்மைகள்!

இங்கிலாந்தில் பி.பி.சி. 1995 இலேயே டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒரே இடத்தில் நிறைய நிலையங்களை நெருக்கி அடைத்ததால், பல நிலையங்கள் ஸ்டீரியோவைக் கூட விட்டு விட்டன. பண்பலையை விட ஒலி மோசம் என்று சிலர் குறைபட்டார்கள். பிறகு இன்னும் நல்ல சுருக்க முறை வந்தது. அதற்கு மாறிய நிலையங்களை, முதலில் ஆசைப்பட்டு வாங்கியவர்களின் பழைய பெட்டிகளில் கேட்க முடியவில்லை. முந்திக் கொண்டவருக்கு வந்த தண்டனையைப் பாருங்கள்!

நார்வே நாடு இன்னும் துணிந்தது. உலகிலேயே முதலாவதாக, தேசிய நிலையங்களின் பண்பலையை 2017 ஜனவரியில் நிறுத்தத் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பருக்குள் முடித்தது. அவர்கள் பக்கமும் காரணம் இருந்தது. மலையும் கடல் இடுக்குமாக இருக்கிற நாடு. ஊருக்கு ஊர் பண்பலைக் கோபுரம் வைத்துக் காப்பது பெரும் செலவு. டிஜிட்டலில் நிலையங்களும் பல மடங்கு கிடைக்கும். ஆனாலும் அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு நாளிதழ் எடுத்த கணக்கெடுப்பில், 66 சதவீதம் பேர் வேண்டாம் என்றே சொன்னார்கள். ஏனென்றால் ஏறக்குறைய இருபது இலட்சம் கார்களில் டிஜிட்டல் ரேடியோ இல்லை. அதை மாற்ற ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் குரோனர் வரை செலவு. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு எட்டாயிரத்திலிருந்து பதினாறாயிரம் ரூபாய்! நார்வே பணக்கார நாடு, முணுமுணுத்துக் கொண்டே சமாளித்தது. சுவிட்சர்லாந்தின் பொது வானொலியும் 2024 டிசம்பர் 31 அன்று பண்பலையை நிறுத்தியது. கேட்பவர்கள் எண்ணிக்கை குறைந்துதான் போயிற்று.

நம் நாட்டில் அப்படி யாரும் பண்பலையை நிறுத்தச் சொல்லவில்லை. இதைப் பேத்தியிடம் அழுத்திச் சொன்னேன். டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 அக்டோபரில் தனியார் டிஜிட்டல் வானொலிக்கான பரிந்துரையைக் கொடுத்தது. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில், ஒரே அலைவரிசையில் பழைய முறையில் ஒரு நிகழ்ச்சி, டிஜிட்டலில் மூன்று நிகழ்ச்சி என்று சேர்ந்தே ஒலிபரப்பலாம் என்பது அதன் யோசனை. பழைய முறையை எப்போது நிறுத்துவது என்பதைப் பிறகு நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. புது மாடு பால் கறக்கிறதா என்று பார்க்காமல் பழைய மாட்டை விற்பவர் உண்டா?

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுகிறேன். "கைப்பேசியில் நெட் போட்டால் எல்லா ஊர் ரேடியோவும் கேட்கிறதே, அது டிஜிட்டல் ரேடியோ இல்லையா?" என்று என் பேத்தி கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். அது வேறு, இது வேறு. இணையத்தில் ஆயிரம் பேர் கேட்டால், ஆயிரம் பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், டேட்டா தீரும், டவர் விழுந்தால் அதுவும் விழும். வானொலி கோயில் மணி மாதிரி. ஒருவர் கேட்டாலும் ஒரே அடிதான், ஊரே கேட்டாலும் ஒரே அடிதான். டிஜிட்டல் வானொலியும் அந்த மணிதான். காசு கட்ட வேண்டியதில்லை. இதற்காகவே, கைப்பேசிகளில் பண்பலை ரேடியோவை எடுத்து விடாதீர்கள் என்று 2023 இல் மத்திய அரசு கைப்பேசி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தக் கைப்பேசிகளிலேயே டிஜிட்டல் வானொலியும் வந்து விட்டால், நம் அண்ணன் கேட்ட முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்து விடும்.

இன்னொரு விஷயம். ஒன்றுக்கு மூன்று நிகழ்ச்சி வரும் என்கிறார்களே, அந்த மூன்றிலும் என்ன வரும்? இது ஆசிரியை என்ற முறையில் என் கவலை. நான் வேலையில் சேர்ந்த பள்ளியில், தலைமையாசிரியர் அறையில் ஒரு ரேடியோ இருந்தது. பள்ளி ஒலிபரப்பு நேரத்தில் அதை வராந்தாவில் கொண்டு வந்து வைப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். படம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தாலே படம் ஓடுவது தெரியும்! டிஜிட்டலில் கிடைக்கிற கூடுதல் இடத்தில் ஒன்றைப் பாடத்துக்கும், ஒன்றைக் கடலுக்கும் வயலுக்கும் வானிலைக்கும் கொடுத்தால், நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன். மூன்றிலும் ஒரே சினிமாப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டால் எனக்கு ஒரு நிலையமே போதும். சினிமாப் பாட்டு எனக்கும் பிடிக்கும், அது வேறு கதை.

"சரி அம்மாச்சி, நாம டிஜிட்டல் ரேடியோ வாங்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க முதல்ல!" பேத்திக்குப் பொறுமை போய் விட்டது.

இன்றைக்கு வேண்டாம் என்றேன். ஐந்நூறு ரூபாய்க்குள், ரேஷன் கடைக்கு எதிர் பெட்டிக்கடையில் கிடைக்கிற மாதிரி, இரண்டு பேட்டரி கட்டையில் ஒரு மாதம் ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி வரட்டும். அன்றைக்கு முதல் பெட்டியை நாம் வாங்குவோம், இரண்டாவதை அண்ணனின் படகுக்கு வாங்கிக் கொடுப்போம். அப்படி ஒரு பெட்டி எல்லார் வீட்டிலும் வந்து சேரும் வரை, பழைய ஒலிபரப்பில் ஒரு விளக்கைக் கூட அணைக்கக் கூடாது. இது என் கட்சி. உங்களில் யாராவது பெரியவர்களாகி, மின்னணுவியல் படித்து, அந்த ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியைச் செய்தால் எனக்கு ஒரு கடுதாசி போடுங்கள். அதில் உப்புத் தண்ணீர் தெறித்தாலும் தாங்க வேண்டும், மறந்து விடாதீர்கள்.

பிறகு இருவரும் டிரான்சிஸ்டரைத் திறந்தோம். பேட்டரி கட்டை ஒழுகி, ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, புதுக் கட்டை போட்டோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தி அதை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனாள். மத்திய அலை பகலை விட இரவில் அதிக தூரம் வரும். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும். முள்ளை மெதுவாக நகர்த்த நகர்த்த, தமிழ், மலையாளம், தெலுங்கு, பிறகு எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழி.. ஒவ்வொன்றும் கரகரத்துக் கொண்டு வந்து போயின. "இது எந்த ஊரு அம்மாச்சி? இது எந்த ஊரு?" என்று பத்தரை மணி வரை விடவில்லை.

இப்போது அந்தப் பெட்டி அவளுடைய மேசையில் இருக்கிறது. பின்பக்க மூடி எங்கோ தொலைந்து விட்டதால் ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ரேடியோ கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். அதில் மத்திய அலை இருக்கிறதா, பண்பலை மட்டும்தானா? பேட்டரி கட்டையில் ஓடுமா, பிளக் மட்டும்தானா? இரவு எட்டு மணிக்கு மேல் முள்ளை எந்த எண்ணில் வைத்தபோது என்ன மொழி கேட்டது? ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். என் பேத்தியின் பட்டியலில் இதுவரை ஒன்பது நிலையங்கள் இருக்கின்றன.